ஒரே தெரு, இரண்டு பள்ளிகள்

(தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று ஒரு தெருவைப் பற்றிப் பேசவேண்டியுள்ளது. அத்தெருவுக்குப் பெயர் வேண்டா. தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரிலும் எந்தப் பேரூரிலும் அஃது உண்டு. காலை எட்டு மணி. தெருவின் மேலைக் கோடியில் ஒரு மாடி வீடு. அதன்முன் மஞ்சள் நிற வண்டியொன்று வந்து நிற்கிறது. கழுத்துப்பட்டை கட்டிய சிறுவன் ஒருவன், முதுகில் பொத்தகப் பொதியுடன், தாய்க்கு ஆங்கிலத்தில் விடைகூறி வண்டியேறுகிறான். கீழைக் கோடியில் ஓர் ஓட்டு வீடு. தறி நெய்வார் ஒருவரின் மகள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அரசு தொடக்கப் பள்ளிக்கு நடக்கிறாள். இருவர்க்கும் அகவை எட்டு. இருவரும் ஒரே மழையில் நனைந்தவர். ஒரே மொழியில் அழுது, ஒரே மொழியில் சிரிக்கக் கற்றவர். பத்தாண்டு கழித்து, மேலைக் கோடிச் சிறுவன் மருத்துவக் கல்லூரி வாயிலில் நிற்பான். கீழைக் கோடிச் சிறுமி ஆடை தைக்கும் ஆலையின் வாயிலில் நிற்பாள். அன்று இந்நாடு சொல்லும்: "அவனுக்குத் தகுதி இருந்தது, அவளுக்கு இல்லை."

அச்சொல் மெய்தானா என்று ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

ஒன்றை முன்னரே சொல்லிவிடல் நன்று. மேலைக் கோடி வீட்டின் தலைவர் தமிழ்ப் பகைவர் அல்லர். தம் வீட்டுக்குத் தூய தமிழில் பெயர் வைத்தவர்; தமிழ் இதழ்களுக்குப் பணம் கட்டிப் படிப்பவர்; மேடையேறினால் தமிழுக்காக முழங்குபவர். இந்த அவையில் அமர்ந்திருந்தாலும் இருப்பார்.

பழந்தமிழர் கண்ட கல்வி

கல்வி பிறப்பை வெல்லும் என்னும் கொள்கை தமிழர்க்கு மேலை நாட்டார் கற்பித்ததன்று. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பாடிய புறப்பாட்டு, ஒரு குடியில் பிறந்தாருள்ளும் மூத்தவனை அழையாது அறிவுடையவனையே அரசு அழைக்கும் என்றும், கீழ்ப்பாலிற் பிறந்தவன் கற்றால் மேற்பாலிற் பிறந்தவனும் அவன்வழி நிற்பான் என்றும் கூறுகிறது. சொன்னவன் புலவன் அல்லன். முடி சூடிய வேந்தன். கழகப் புலவர் வரிசையில் கூல வாணிகர் உண்டு, அறுவை வாணிகர் உண்டு, கொல்லர் உண்டு, வெண்ணிக் குயத்தியார் உண்டு, குறமகள் இளவெயினி உண்டு. மண் பிசைந்த கையும் பாட்டெழுதிய கையும் ஒரே கையாய் இருந்த நாடு இது.

பிற்காலத்தே அக்கல்வி மூடிய கதவுக்குள் போயிற்று. பிறப்பால் உயர்வு பேசியவர் கற்றனர். பிறப்பால் தாழ்த்தப்பட்டவர் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். பல நூற்றாண்டு அந்நிலை நீடித்தது. இதைச் சொல்லாமல் பழம்பெருமை மட்டும் பேசுவது பாதி வரலாறு பேசுவதாகும்.

இடிந்த சுவர்கள்

இருபதாம் நூற்றாண்டில் அச்சுவர்கள் ஒவ்வொன்றாய் இடிந்தன. 1920-இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியில் நண்பகல் உணவு வழங்கத் தொடங்கியது. பசித்த வயிற்றுடன் எழுத்து ஏறாது என்று ஆட்சியாளர் உணர்ந்த முதல் நாள்களுள் அது ஒன்று.

1953-இல் இராசகோபாலாச்சாரியார் ஆட்சி, தொடக்கப் பள்ளியில் அரைநாள் படிப்பு, மறு அரைநாள் தந்தை செய்யும் தொழில் என்னும் திட்டத்தைக் கொணர்ந்தது. குயவர் மகன் குயவனாகவும் வண்ணார் மகன் வண்ணானாகவும் நிற்க வழிசெய்யும் அத்திட்டத்தைக் 'குலக்கல்வி' என்று நாடு சரியாகவே பெயரிட்டு அழைத்தது. பெரியார் போர்க்கொடி தூக்கினார், தமிழர் எதிர்த்தெழுந்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் ஒழிந்தது. 1956-இல் பள்ளிகளில் நண்பகல் உணவுத் திட்டம் நாடு தழுவியதாயிற்று. பள்ளியில்லா ஊர்களில் பள்ளிகள் எழுந்தன. 1982 சூலை முதல் நாள் ம.கோ.இராமச்சந்திரன் ஆட்சி அவ்வுணவைச் சத்துணவாக விரித்தது. 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகத்தில் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் சென்றது. விலையில்லாப் பாடநூல், சீருடை, மிதிவண்டி ஆகியவையும் வந்தன.

எந்தக் கட்சி செய்தது என்பது இங்கே வழக்கன்று. நூறாண்டுக் காலத்தில் பசி என்னும் சுவரும், தொலைவு என்னும் சுவரும், குலம் என்னும் சுவரின் பெரும்பகுதியும் இடிக்கப்பட்டன. அதன் பயனாகவே கீழைக் கோடிச் சிறுமி இன்று பள்ளிக்கு நடக்கிறாள். அவள் பாட்டி நடந்ததில்லை.

புதிதாய் எழுந்த சுவர்

பழைய சுவர் இடிந்த இடத்திலேயே வேறொரு சுவர் எழுந்தது. அதன் கல் பணம். அதன் சுண்ணம் ஆங்கிலம்.

முன்பு சென்னை, மதுரைப் பல்கலைக் கழகங்களின் கீழ்ச் சில பத்து எண்ணிக்கையிலேயே இருந்தவை மெட்ரிகுலேசன் என்னும் பதின்மப் பள்ளிகள். 1970-களின் இறுதியில் அவற்றுக்கெனத் தனி வாரியம் அமைந்தது. அதன்பின் அவை ஆயிரக்கணக்கில் பெருகின. மாநிலப் பாடத்திட்டம், பதின்மப் பாடத்திட்டம், ஆங்கிலோ இந்தியப் பாடத்திட்டம், கீழைமொழிப் பாடத்திட்டம் என்று ஒரே நாட்டில் நான்கு வகைக் கல்வி நடந்தது. ஏழைக்கு ஒரு நூல். பணமுடையார்க்கு வேறு நூல்.

இதனை மாற்றவே முனைவர் முத்துக்குமரன் தலைமையில் 2006-இல் குழு அமைந்தது. 2010-இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே முதல் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் பொதுப் பாடநூல்கள் வந்தன. 2011-இல் ஆட்சி மாறியது. திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. அச்சிட்ட நூல்கள் கட்டுக்கட்டாய்க் கிடக்க, பிள்ளைகள் நூலின்றி வகுப்பில் அமர்ந்திருந்தனர். 2011 ஆகத்து 9-ஆம் நாள் உச்ச நயன்மன்றம், பத்து நாளுக்குள் நடைமுறைப்படுத்துக என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் அது நன்னாளே.

ஆனால், பொது நூல் வந்ததே தவிர, பொதுப் பள்ளி வரவில்லை. ஒரே நூலை இருவர் கையில் கொடுத்துவிட்டால் இருவரும் ஒப்பாகிவிடுவரா? ஒருவன் வகுப்புக்கு ஓர் ஆசிரியர். மற்றொருத்தியின் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர். ஒருவனுக்கு வீட்டில் படித்த தாய், மாலையில் தனிப்பயிற்சி. மற்றொருத்திக்கு மாலையில் தண்ணீர்க் குடமும் தம்பியும். நூல் ஒன்றாயிருந்தும் படிப்பு வேறாயிற்று. பல தனியார் பள்ளிகளோ, பொதுப் பாடத்தை விட்டு நடுவண் வாரியப் பாடத்திட்டத்துக்குத் தாவின. சுவரை ஓரிடத்தில் இடித்தால் அது நகர்ந்து சென்று வேறிடத்தில் நிற்கிறது.

இடைவெளி எங்கே பிறக்கிறது?

பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் பார்த்துத்தான் நாடு இடைவெளியைப் பற்றிப் பேசுகிறது. அஃது அங்கே பிறப்பதன்று, அங்கே வெளிப்படுவது. பிறக்குமிடம் தொடக்கப் பள்ளி.

கொரோனா என்னும் கொள்ளைநோயால் பள்ளிகள் நீண்ட நாள் மூடிக்கிடந்தபின், 2022-இல் இந்தியச் சிற்றூர்களில் நடந்த கல்விநிலை ஆய்வு ஓர் உண்மையைக் கூறியது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றிப் படிக்க வல்லவர் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. கொள்ளைநோய்க்கு முன்பும், 2018-இல், அத்தொகை நூற்றுக்குப் பத்தளவில்தான் இருந்தது. ஆகவே, நோயின்மேல் மட்டும் பழி போட்டுத் தப்பிக்க இயலாது.

அந்தப் பிள்ளையின் வழியைத் தொடர்ந்து பாருங்கள். மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தடுமாறுகிறது. ஆசிரியர் இருவர், ஒருவர் வாக்காளர் பட்டியல் பணிக்கோ கணக்கெடுப்புக்கோ சென்றிருக்கிறார். எஞ்சியவர் ஐந்து வகுப்பையும் ஓரறையில் வைத்துப் பார்க்கிறார். அவர் எந்தப் பிள்ளையின் அருகில் அமர்ந்து எழுத்துக் கூட்டக் கற்பிப்பார்? எட்டாம் வகுப்புவரை தோல்வி இல்லை. எனவே பிள்ளை மேலே செல்கிறது. ஆறாம் வகுப்பில் அறிவியல் நூல் தடிமனாய் இருக்கிறது. படிக்கவே வராதவளுக்கு அறிவியல் எப்படி வரும்? அவள் பின்வரிசையில் வாய்மூடி அமர்கிறாள். ஒன்பதாம் வகுப்பில் ஆசிரியர் வினாவிடைகளை நெட்டுருப் போடச் செய்கிறார். பத்தாம் வகுப்பில் முப்பத்தைந்து மதிப்பெண். பதினொன்றில் அவள் விரும்பிய பிரிவு கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அப்பாட ஆசிரியர் இடம் வெற்றிடமாய் இருக்கிறது. எட்டு அகவையில் நேர்ந்த சிறு விரிசல் பதினெட்டு அகவையில் பள்ளத்தாக்காகிறது. அப்பள்ளத்தின் இக்கரையில் அவளை நிறுத்திவிட்டு, 'தாண்டு' என்று சொல்வதற்குத் தகுதித் தேர்வு என்று பெயர்.

மறுகரையில் நடப்பதையும் சொல்லவேண்டும். நாமக்கல் சுற்றுவட்டத்தில் தொடங்கி நாடெங்கும் பரவிய தங்கிப்பயிலும் பள்ளிகள் சிலவற்றில், ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடமும், பதினொன்றாம் வகுப்பில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடமும் ஓதப்பட்டன. ஈராண்டு ஒரே பாடத்தை உருட்டியவனோடு ஓராண்டு படித்தவள் போட்டியிட்டாள். மக்கள் அவற்றைக் கோழிப்பண்ணைப் பள்ளிகள் என்றே அழைத்தனர். இக்கேட்டைத் தடுக்க 2018 முதல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைக்கப்பட்டது; பிள்ளைகளுக்குச் சுமை என்று 2025-ஆம் ஆண்டின் மாநிலக் கல்விக் கொள்கையால் அது நீக்கப்பட்டது. நோய் மட்டும் நீங்கவில்லை. ஒருபுறம் அழுத்தினால் மறுபுறம் வீங்குகிறது.

மொழி என்னும் முதற்படி

கல்விக்கு முதற்படி மொழி. அப்படியையே உடைத்துவிட்டு ஏணியில் ஏறச் சொல்கின்றனர்.

குழந்தை ஐந்து அகவைக்குள் தாய்மொழியில் ஆயிரக்கணக்கான சொற்களோடு பள்ளிக்கு வருகிறது. அச்சொற்களே அதன் முதல். தமிழ்வழியில் பயிற்றினால் அம்முதலைக் கொண்டு வாணிகம் தொடங்கலாம். அயன்மொழி வழியில் பயிற்றினால் முதல் நாளே அது வெறுங்கையோடு நிற்கிறது. மேலைக் கோடி வீட்டில் ஆங்கிலம் தெரிந்த தாய் அதற்குக் கடன் கொடுப்பாள். கீழைக் கோடி வீட்டில் கடன் கொடுப்பார் யார்? எனவே, ஆங்கிலவழி என்பது எல்லார்க்கும் ஒரே அளவு கடினமானதன்று, ஏழைக்கே பெருங்கடினமானது. தாய்மொழிக் கல்வியைத் தமிழ்ப்பற்றின் பேரால் மட்டும் வேண்டுவோர் இதனை நினைவிற் கொள்க. அது பற்று மட்டும் அன்று. ஏழைக்கு உரிய நயன்மையும் ஆகும்.

1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரிக் கல்விக்குழு, தாய்மொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்றும், செல்வர் பிள்ளையும் ஏழை பிள்ளையும் தம் ஊரில் ஒரே பள்ளியில் படிக்கும் பொதுப்பள்ளி முறை வேண்டும் என்றும் கூறியது. அறிக்கை ஏட்டில் உறங்கியது. 1999-இல் தமிழறிஞர் பலர் சென்னையில் உண்ணாநோன்பிருந்து தமிழ்வழிக் கல்வி வேண்டினர். அவ்வாண்டு, ஐந்தாம் வகுப்புவரை தாய்மொழிவழிக் கல்விக்கு அரசாணை பிறந்தது. 2000-இல் சென்னை உயர்நயன்மன்றம் அதனைத் தள்ளியது. 2014 மே 6-ஆம் நாள், கருநாடக வழக்கில், தொடக்கப் பள்ளியிலும் தாய்மொழிவழியை அரசு கட்டாயமாக்க இயலாது என்று உச்ச நயன்மன்றம் தீர்த்தது. 2006-இன் தமிழ் கற்றல் சட்டம் தமிழை ஒரு பாடமாகக் கட்டாயமாக்கியது, பயிற்றுமொழியாக்கவில்லை.

பின்னும் ஒரு கொடுமை நேர்ந்தது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. தனியார் பள்ளிக்கு ஓடும் பிள்ளையை நிறுத்தவேண்டும் என்பது அரசு சொன்ன கரணியம். நடந்தது என்ன? தமிழ்வழியில் கற்று, தமிழ்வழியில் கற்பித்துப் பழகிய ஆசிரியர் ஆங்கில நூலைத் தமிழில் விளக்கினார். பிள்ளை விளங்கிக்கொண்டதைத் தமிழில் வைத்துக்கொண்டு, விளங்காத விடையை ஆங்கிலத்தில் நெட்டுருப் போட்டது. இரு மொழியிலும் அரைகுறை. ஆங்கிலத்தை நல்ல ஆசிரியரைக் கொண்டு ஒரு மொழியாகச் செம்மையாய்க் கற்பித்திருந்தால், ஏழை பிள்ளை இரு மொழியிலும் வல்லதாகியிருக்கும். ஆங்கிலம் கற்பது வேறு; ஆங்கிலத்தால் கற்பது வேறு. இவ்வேறுபாட்டை ஆள்வோரும் மறைத்தனர், பெற்றோரும் மறந்தனர்.

தகுதி என்னும் தராசு

தமிழ்நாடு 2006-இல் சட்டம் இயற்றித் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை ஒழித்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும் என்றாயிற்று. 2017-இல் நீட் என்னும் நடுவணரசின் நுழைவுத் தேர்வு மருத்துவக் கல்விக்குள் புகுந்தது. 1976-இல் நெருக்கடிநிலைக் காலத்தில் நாற்பத்திரண்டாம் சட்டத் திருத்தத்தால் கல்வி மாநிலப் பட்டியலினின்று பொதுப் பட்டியலுக்கு இழுத்துச் செல்லப்பட்டதன் விளைவை, நாற்பதாண்டு கழித்துத் தமிழ்நாடு நெஞ்சில் உணர்ந்தது. அரியலூர் மாவட்டத்துக் குழுமூரில், சுமை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்றும் மருத்துவம் பயில இயலாமல், 2017 செப்டம்பர் முதல் நாள் உயிர் நீத்தார். அந்தத் துயரை நாடு இன்னும் மறக்கவில்லை.

2021-இல் நயனாளர் ஏ.கே.இராசன் தலைமையிலான குழு அளித்த அறிக்கை, நீட்டுக்கு முன் மருத்துவக் கல்லூரி சேர்ந்தவருள் தமிழ்வழி பயின்றோர் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினைவர் என்றும், பின்னர் அத்தொகை இரண்டு, மூன்றாய்ச் சுருங்கியது என்றும் காட்டியது. தமிழ் மாணவர் மூளை ஓராண்டில் மழுங்கிவிட்டதா? இல்லை. அளக்கும் கோல் மாற்றப்பட்டது. பெரும்பணம் கட்டிப் பயிற்சி நிலையத்தில் ஓராண்டு, ஈராண்டு தங்கிப் படிக்க வல்லார்க்கே அக்கோல் வளைந்து கொடுத்தது.

நயனாளர் கலையரசன் குழுவின் பரிந்துரையை அடுத்து, 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் ஏழரை விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அதற்கு முந்திய ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் இடம்பெற்ற அரசுப் பள்ளி மாணவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த ஆண்டில் மருத்துவம், பல்மருத்துவம் இரண்டிலும் சேர்த்து நானூற்றுக்கு மேற்பட்ட இடங்கள் அவர்க்குக் கிடைத்தன. 2021-இல் அவ்வொதுக்கீடு பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. 2022 ஏப்பிரலில் சென்னை உயர்நயன்மன்றம் மருத்துவ ஒதுக்கீடு செல்லும் என்றது. கதவைச் சற்றே திறந்ததும் ஆட்டிடையர் பிள்ளையும் கூலியாள் பிள்ளையும் உள்ளே வந்தனர். அவர்கள் தகுதியின்றி வெளியே நின்றவர் அல்லர். கதவு மூடியிருந்ததால் நின்றவர். ஆயினும், நீட்டிலிருந்து விலக்கு வேண்டித் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்ட முன்வடிவுக்கு இசைவு மறுக்கப்பட்ட செய்தி 2025 ஏப்பிரலில் வந்தது. மும்மொழித் திட்டத்தை உள்ளடக்கிய கல்விக் கொள்கைக்குத் தமிழ்நாடு தலைசாய்க்காமையால், 2024-25-ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி உருபாவை நடுவணரசு நிறுத்திவைத்தது. அத்தொகை அமைச்சர் வீட்டுப் பணம் அன்று. கீழைக் கோடிச் சிறுமியின் பள்ளிப் பணம்.

பள்ளியின் குரல் எங்கே போயிற்று?

தில்லியைக் குறைகூறுவதோடு உரையை முடித்துக்கொள்வது எளிது. அவையும் கைதட்டும். ஆயினும், தில்லி செய்த தீங்கு பாதியே. மறுபாதி தமிழர் தாமே செய்துகொண்டது.

ஓர் ஊரில் ஆசிரியர், அலுவலர், வணிகர், கட்சித் தலைவர், தமிழ்ப் புலவர் ஆகியோர் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படித்த காலம் ஒன்று இருந்தது. அன்று ஆசிரியர் வரவில்லையெனில் மறுநாளே கேள்வி எழும். கூரை ஒழுகினால் மனு பறக்கும். பின்னர் அவர்கள் ஒருவர்பின் ஒருவராய்த் தம் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு வெளியேறினர். அவர்களோடு வெளியேறியது பிள்ளை மட்டும் அன்று. பள்ளியின் குரலும் வெளியேறிற்று. எஞ்சியவர் நாட்கூலிக்குப் போகும் தாயும் தறியில் அமர்ந்த தந்தையும். அவர்கள் யாரிடம் போய்க் கேட்பர்? கேட்டால் யார் செவி கொடுப்பர்? கேட்பாரற்ற பள்ளி நலிந்தது. நலிந்ததைக் காட்டி எஞ்சியவரும் வெளியேறினர். 2009-இன் கல்வியுரிமைச் சட்டம் தனியார் பள்ளியில் நூற்றுக்கு இருபத்தைந்து இடத்தை ஏழைக்கு ஒதுக்கி, அக்கட்டணத்தை அரசே செலுத்த வழி செய்தது. சில பிள்ளைகள்மேல் இரக்கம்போல் தோன்றும் அது, அரசுப் பள்ளி ஆகாது என்று அரசே எழுதிக் கொடுத்த சான்றிதழாகவும் ஆயிற்று.

தாலியை அடகு வைத்துத் தன் பிள்ளையை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கும் ஏழைத் தாயைப் பழித்தல் தகாது. அவள் மேலைக் கோடி வீட்டைப் பார்த்துச் செய்கிறாள். தமிழ் வாழ்க என்று முழங்கும் பெரியவரே தம் மகனை வேறு பள்ளிக்கு அனுப்பினால், அம்முழக்கத்தை அவள் நம்புவாளா, அந்த மஞ்சள் வண்டியை நம்புவாளா? வண்டியைத்தான் நம்புவாள். அவள் கணக்கில் பிழையில்லை.

இன்னொரு சுவரும் இருக்கிறது. 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும், குலவெறி கொண்ட உடன்மாணவரால் வெட்டப்பட்டனர். அதன்பின் அமைந்த நயனாளர் சந்துரு குழு, 2024-இல் அளித்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களில் உள்ள குல அடையாளங்களை நீக்குமாறும், வெவ்வேறு துறைகளின் கீழ் உள்ள பள்ளிகளைப் பொதுப் பள்ளிக் கல்வித் துறையின்கீழ்க் கொணருமாறும் பரிந்துரைத்தது. பெயர்ப்பலகையிலேயே குலத்தை எழுதி வைத்துவிட்டு, உள்ளே ஒப்புரவைப் பாடம் நடத்துவது எங்ஙனம்?

செய்யத்தக்கவை

வேண்டுவன சில. தொடக்கப் பள்ளியில் வகுப்புக்கோர் ஆசிரியர் வேண்டும். கற்பித்தல் அல்லாத பணிக்கு அவரை இழுத்தல் கூடாது. மூன்றாம் வகுப்பு முடியுமுன் ஒவ்வொரு பிள்ளையும் தமிழைத் தடையின்றிப் படித்தல் வேண்டும். அதற்கென 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' போன்ற திட்டம் வெறும் படிவம் நிரப்பும் வேலையாகிவிடல் ஆகாது. அரசுப் பள்ளி தமிழ்வழிப் பள்ளியாகவே நின்று, ஆங்கிலத்தை நல்ல மொழிப்பாடமாகத் தருதல் வேண்டும். தமிழ்வழி பயின்றார்க்கு அரசுப் பணியில் இருபது விழுக்காடு முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்தோறும் பெற்றோர்க்குச் சொல்லப்படல் வேண்டும். கல்வி மாநிலப் பட்டியலுக்கு மீளல் வேண்டும்.

இவையெல்லாம் அரசு செய்யவேண்டியவை. அரசை எதிர்பாராமல் இந்த அவையினர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. 2015 ஆகத்தில் அலகாபாத்து உயர்நயன்மன்றம், அரசிடம் ஊதியம் பெறுவோர் தம் பிள்ளைகளை அரசு தொடக்கப் பள்ளியிலேயே சேர்த்தல் வேண்டும், அப்போதுதான் பள்ளி சீர்படும் என்று உத்தரப்பிரதேச அரசுக்கு ஆணையிட்டது. அங்கே அது நடந்ததோ இல்லையோ, அதன் கருத்து நேரானது. தமிழன்பர்க்கு அத்தகைய தீர்ப்பு வேண்டுமா? அவர் நெஞ்சே நயன்மன்றமாகாதா? பிள்ளையைத் தெருக்கோடி அரசுப் பள்ளியில் சேருங்கள். பிள்ளை வளர்ந்துவிட்டதெனில் பெயரனைச் சேருங்கள். பெயரனும் இல்லையெனில், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும் நாளில் பள்ளிக்குச் செல்லுங்கள். அக்குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் என்பது சட்டம். ஆனால் கையெழுத்திட்டுவிட்டு வாய்திறவாமல் திரும்பும் பெற்றோர் பலர். அவர்கள் அருகில் அமர்ந்து, அவர்கள் கேட்க அஞ்சுவதைக் கேளுங்கள். மாலையில் ஒருமணி நேரம் நான்கு பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டக் கற்பியுங்கள். மேடையில் முந்நூறு முறை 'தமிழ் வாழ்க' என்பதினும், ஒரு பிள்ளை தன் பாடத்தைத் தானே படித்துவிடும் அந்த ஒருநாளில் தமிழ் மிகுதியும் வாழும்.

நாளைக் காலை எட்டு மணிக்கும் அத்தெருவில் மஞ்சள் வண்டி வரும். மேலைக் கோடி வீட்டின் கதவும் திறக்கும். அவ்வீட்டுச் சிறுவன் வண்டியேறாமல், தெருவைக் கடந்து, கீழைக் கோடிச் சிறுமியோடு நடப்பானாயின், அந்த ஒரு பள்ளியின் கதை அன்றே மாறத் தொடங்கும். நடக்கவேண்டிய தொலைவு ஒரு தெருவின் தொலைவே. அதை நடப்பதா வேண்டாவா என்பதை, இந்த அவையினர் வீடு திரும்புமுன் முடிவு செய்க.